பொறுப்பான பிள்ளையின் இரவுக் காவல்

"பொறுப்பான பிள்ளை" என்று நம் வீடுகளில் சிலரைப் பாராட்டுவோம். சோறு வடிக்கும், தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பும், அம்மா மூன்று நாளாக எழுந்திருக்காவிட்டாலும் வெளியே ஒரு வார்த்தை சொல்லாது. மலேசியாவில் செந்தூல் அடுக்குமாடியாக இருந்தாலும் பட்டர்வொர்த் தாமான் குடியிருப்பாக இருந்தாலும் அப்படி ஒரு பிள்ளை எல்லாருக்கும் தெரிந்த பிள்ளைதான். அந்த அம்மாவுக்கு மனநோய் இருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் "பாவம், இந்த வயசுல எவ்வளவு பொறுப்பு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

இந்தப் பிள்ளைகளை "இளம் பராமரிப்பாளர்" என்று குறிப்பிடுகிறார்கள். நோயாலோ உடற்குறையாலோ மனநோயாலோ போதைப் பழக்கத்தாலோ முடங்கிய ஒரு குடும்பத்தாரை, பெரியவர் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டிய அளவுக்குப் பார்த்துக்கொள்ளும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை என்று பொருள். பாத்திரம் கழுவும் பிள்ளை எல்லாம் இதில் சேராது. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: இந்த வேலையை இன்று இந்தப் பிள்ளை செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்? "யாரும் இல்லை" என்பது பதிலானால் அந்தப் பிள்ளை இளம் பராமரிப்பாளர்தான்.

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருப்பது தெரியவந்தது. ஏறக்குறைய 10 லட்சம் பேர். 2019இல் இதே ஆய்வு சொன்ன விழுக்காடு 2.3. இவர்களில் பிள்ளை பெற்றவர்களும் நிறையப் பேர். இது மனச்சோர்வு ஒன்றின் கணக்குதான். பைபோலார் (மனநிலை மிக ஏறுவதும் மிக இறங்குவதுமான நோய்), ஸ்கிசோஃப்ரினியா (இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் போன்றவை வரும் நோய்) எல்லாம் தனி.

கண்ணுக்குத் தெரியாத வேலை

பிள்ளை செய்யும் வேலைகளில் சமையல், துணி, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது ஆகியவை வெளியே தெரியும். மாத்திரையை ஞாபகப்படுத்துவது, கிளினிக்குக்குக் கூட்டிப் போவது, மின்சாரக் கட்டணம் கட்டுவது ஆகியவை ஓரளவு தெரியும். அழும் அப்பாவைத் தேற்றுவதும், "உன்னைத் தவிர எனக்கு யாரு இருக்கா" என்னும் அம்மாவுக்கு ஈடுகொடுப்பதும் வீட்டுக்குள்ளேயே நின்றுவிடும். யாருக்குமே தெரியாத ஒன்று காவல்.

அம்மா இன்று எந்த முகத்தோடு எழுந்திருக்கிறார் என்று செருப்புச் சத்தத்தை வைத்தே கணிப்பது. குளியலறையில் பத்து நிமிடத்துக்கு மேலானால் கதவைத் தட்டுவது. கத்தி எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று எண்ணி வைத்துக்கொள்வது. இரவு இரண்டு மணிக்கு விழித்து, மூச்சு வருகிறதா என்று இருட்டில் நின்று கேட்பது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடக்கும்போது இந்தப் பிள்ளையின் மனம் வீட்டு வாசலில் நிற்கிறது. வீட்டு வேலை உடம்பைக் களைக்க வைக்கும், தூங்கினால் சரியாகிவிடும். காவல் தூக்கத்தையே எடுத்துவிடுகிறது. ஆகையால் உதவி என்று யோசிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, பிள்ளை எத்தனை மணி நேரம் வேலை செய்கிறது என்பதைவிட, எதைக் கண்டு காவல் நிற்கிறது என்பது. அதைத் தெரிந்துகொண்டால் எந்தப் பெரியவர் அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

பக்கவாதம் வந்த பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கும் இந்தப் பிள்ளைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பாட்டியின் நிலை நேற்று எப்படியோ இன்றும் கிட்டத்தட்ட அப்படியே. மனநோய் ஏறும், இறங்கும். போன வாரம் சிரித்துக்கொண்டு தோசை சுட்ட அம்மா இந்த வாரம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். என்ன மாறியது என்று யாரும் சொல்லாதபோது பிள்ளை தானாகவே ஒரு காரணம் கண்டுபிடிக்கும். பெரும்பாலும் அந்தக் காரணம் தானேதான்: "நான் பரீட்சையில மார்க் குறைஞ்சேன், அதான்."

இத்தனையையும் படித்துவிட்டு இப்படிப்பட்ட வீட்டில் வளரும் பிள்ளை கெட்டுப்போகும் என்று நினைத்துவிடக் கூடாது. மனநோய் உள்ள தாய் தந்தையரில் பலர் நல்ல பெற்றோராகவே இருக்கிறார்கள், பிள்ளைகளும் நன்றாகவே வளர்கிறார்கள். அப்படி வளர்ந்தவர்களைப் பற்றிய ஆய்வுகளில் மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: என்ன நோய் என்று பிள்ளைக்குத் தெரிந்திருந்தது, நிலையான ஒரு பெரியவர் இருந்தார், நோயோடு சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்று பிள்ளைக்குச் சொந்தமாக இருந்தது. அந்த ஒன்று பந்தாட்டமாக இருக்கலாம், கோயில் உறுமி மேளமாக இருக்கலாம்.

பிள்ளையிடம் எப்படிச் சொல்வது

பெரும்பாலான வீடுகள் தடுக்கி விழுவது இங்கேதான். "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்" என்று மறைப்போம், அல்லது "அம்மாவுக்குத் தலைவலி" என்போம். தலைவலிக்கு ஏன் அம்மா சுவரைப் பார்த்துப் பேசுகிறார் என்று பிள்ளை யோசிக்கும். அடுத்த முறை தனக்கே தலை வலித்தால் பயந்து போகும்.

சொல்ல வேண்டியவர், முடிந்தால், நோய் உள்ளவரே. உடம்பும் மனமும் சற்றுத் தெளிந்திருக்கும் நாளில், பத்து நிமிடம் போதும். நேருக்கு நேர் உட்கார வைத்துப் பேசினால் பிள்ளை விறைத்துக்கொள்ளும். காரில் போகும்போதோ, கீரை ஆயும்போதோ, துணி மடிக்கும்போதோ பேசுவது எளிது.

நான்கிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்: "அம்மாவோட மனசுக்கு உடம்பு சரியில்ல. அதனால அழுகை வருது, படுத்துக்கிட்டே இருக்கேன். நீ ஒண்ணும் பண்ணல. டாக்டர் மருந்து குடுத்திருக்காங்க. சாயங்காலம் உன்னை அத்தை பார்த்துக்குவாங்க." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். சின்னப் பிள்ளை நோயைப் பற்றிக் கேட்பதைவிடத் தனக்குச் சோறு யார் போடுவார் என்றுதான் உள்ளுக்குள் கேட்கும்.

ஏழிலிருந்து பன்னிரண்டு வயதுக்கு நோயின் பெயரைச் சொல்லலாம். மூளை எப்படி வேலை செய்கிறது என்று பள்ளியிலேயே படிக்கிறார்கள். "அப்பாவுக்கு ஸ்கிசோஃப்ரினியான்னு ஒரு நோய். மூளை சில நேரம் இல்லாத குரலை இருக்கிற மாதிரி கேக்க வைக்கும். அப்பா பொய் சொல்லல, அவருக்கு நிஜமாவே கேக்குது. உனக்குக் கேக்காது. கேக்குதுன்னு நீ நடிக்கவும் வேண்டாம், இல்லைன்னு அவர்கூட வாதாடவும் வேண்டாம்." கடைசி வரி பிள்ளைக்குப் பெரிய விடுதலை. அதுவரை தினமும் ஒன்று ஒத்து ஊதிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

எந்த வயதானாலும் மூன்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: இது உன்னால் வந்தது இல்லை, இது உனக்கு ஒட்டிக்கொள்ளாது, இதை நீ குணப்படுத்த முடியாது, குணப்படுத்தவும் வேண்டாம். ஒருமுறை சொன்னால் தீராது. நோய் ஏறும் ஒவ்வொரு முறையும் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும்.

படிவம் 3, 4இல், அதாவது 15, 16 வயதில் இருக்கும் பிள்ளை கேட்க நினைத்துக் கேட்காமல் வைத்திருக்கும் கேள்வி வேறு: "எனக்கும் வருமா?" மழுப்ப வேண்டாம். மனநோய்களில் பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு, ஆனால் அது முழுக் காரணம் அன்று. தாய் அல்லது தந்தை ஒருவருக்கு ஸ்கிசோஃப்ரினியா இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமாராகப் பத்தில் ஒன்று. அதாவது பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வருவதில்லை. கூடவே பிள்ளை தன் கையால் செய்யக்கூடியதையும் சொல்லுங்கள்: கஞ்சாவைத் தொடாமலிருப்பது, தூக்கத்தைக் காப்பது, மனசு மாறுவதாகத் தோன்றினால் ஒளிக்காமல் சொல்வது.

பேய், செய்வினை, சாமி குற்றம் பற்றியும் பேசியாக வேண்டும். கோயிலுக்குப் போவது பல குடும்பங்களுக்கு உண்மையான ஆறுதல், அதை யாரும் பறிக்க வேண்டியதில்லை. ஆனால் "அம்மா மேல ஏதோ ஏறியிருக்கு" என்று பிள்ளையின் காதில் விழும்படி பேசினால், அன்றிரவு அந்தப் பிள்ளை அம்மாவோடு ஒரே அறையில் தூங்க வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். அதேபோல் "தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்" என்ற கிண்டலும். அங்கே இருப்பது 1911இல் தொடங்கி இன்றும் நோயாளிகளைக் குணப்படுத்தி அனுப்பும் பஹாகியா உலு கிந்தா மனநல மருத்துவமனை. அந்த ஊர்ப் பெயரைப் பள்ளித் திடலில் வசையாகக் கேட்டு வளரும் பிள்ளை, தன் வீட்டு விஷயத்தைச் சாகும்வரை வெளியே சொல்லாது.

மாத்திரைப் பெட்டி யார் கையில்

"அம்மா, மாத்திரை போட்டாச்சா?" என்று பிள்ளை ஒருமுறை கேட்பதில் தவறில்லை. மாத்திரையை எண்ணிக் கொடுப்பது, நாக்கைத் தூக்கிப் பார்ப்பது, சோற்றில் கலந்து கொடுப்பது ஆகிய மூன்றும் பிள்ளைக்குக் கூடாது. நோய் முற்றிச் சந்தேகம் வரும் நாளில், மாத்திரை கொடுத்த கைதான் முதலில் எதிரியாகத் தெரியும். கலந்து கொடுத்தது பிடிபட்டால், அந்த வீட்டுச் சோற்றின் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

மருந்தகங்களில் ஏழு நாள் அறை உள்ள மாத்திரைப் பெட்டி கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு பெரியவர், நோய் உள்ளவரோடு உட்கார்ந்து நிரப்பட்டும். மீதி மருந்து பூட்டிய அலமாரியிலோ வேறு வீட்டிலோ இருக்கட்டும். தினமும் மாத்திரைப் போராட்டம் நடக்கிற வீடானால், இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி சரிவருமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த ஓர் ஊசி பிள்ளையின் தலையிலிருந்து மாதம் முழுவதும் இருக்கும் காவலை இறக்கி வைத்துவிடும்.

பிள்ளை மருந்தைக் கையாள வேண்டாம், ஆனால் சில ஆபத்து அறிகுறிகளை வீட்டில் எல்லாரும் தெரிந்து வைத்திருக்கலாம். பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியம் சாப்பிடுபவருக்கு வாந்தி, பேதி, கடுமையான கை நடுக்கம், நாக்குக் குழறல், தள்ளாட்டம் வந்தால் இரத்தத்தில் மருந்து அளவு மீறியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் ஊர் வெயிலில் உடம்பில் தண்ணீர் வற்றினாலே இது நடக்கும். ஸ்கிசோஃப்ரினியாவுக்குக் கொடுக்கும் குளோசபின் சாப்பிடுபவருக்குக் காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் பனடோல் போட்டுவிட்டுப் படுக்கக் கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கலாம், இரத்தம் சோதிக்க வேண்டும். மனச்சோர்வு மருந்து வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். இதைப் பிள்ளையிடம் சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே "மருந்து போட்டும் அம்மா சரியாகல" என்று நம்பிக்கை இழந்துவிடும்.

மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள்

மருத்துவமனை அறை ஒன்று. மருத்துவர் மலாயில் கேட்கிறார்: "அடா டெங்ஙார் சுவாரா?" அம்மாவுக்கு மலாய் அவ்வளவாக வராது. பக்கத்தில் பள்ளிச் சீருடையோடு 12 வயது மகள். அவள் திரும்பி, "அம்மா, சத்தம் ஏதாச்சும் கேக்குதான்னு கேக்கறாங்க" என்கிறாள். அம்மா, "மேல் வீட்டுல நாற்காலி இழுக்கிற சத்தம்தான்" என்கிறார். மகள் மருத்துவரிடம், "தாக் அடா" (இல்லை) என்கிறாள். அட்டையில் எழுதியாகிவிட்டது.

மருத்துவர் கேட்டது குரலை. மகள் கேட்டது சத்தத்தை. மலாயில் "சுவாரா" என்றால் முதலில் குரல்தான், ஆனால் சத்தம் என்றும் எடுத்துக்கொள்ள முடியும். தமிழில் இரண்டும் வேறு. அம்மாவுக்கு இரவெல்லாம் ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்தால் அது இந்த அறையில் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். அடுத்த கேள்வி "சாகணும்னு தோணுதா?" என்பதாக இருந்தால்? அதை அம்மாவிடம் தன் வாயால் கேட்கவும், வரும் பதிலைத் தன் வாயால் சொல்லவும் அந்தப் பிள்ளையால் எப்படி முடியும்? கேட்டாலும் அம்மா மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மை சொல்ல மாட்டார்.

முன்பதிவு செய்யும்போதே தமிழ் தெரிந்த மருத்துவரோ தாதியோ இருக்கும் நாளைக் கேளுங்கள். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அரசாங்க மருத்துவமனைகளில் தமிழ் பேசும் பணியாளர்கள் இருக்கிறார்கள். அந்த நாளில் யார் வேலையில் இருக்கிறார் என்பதுதான் கேள்வி. கிடைக்காவிட்டால் சித்தியோ மாமாவோ நேரில் வரட்டும், முடியாவிட்டால் கைப்பேசியில் ஒலிபெருக்கி வழியாகப் பேசட்டும். சொல்ல வேண்டியதை அம்மா முதல்நாளே தமிழில் எழுதி வைத்துக்கொள்வதும் உதவும். பிள்ளைக்குத் தான் பார்த்ததைச் சொல்லும் உரிமை உண்டு. அதை மொழிபெயர்ப்பாளராக இல்லாமல் மகளாக, தாதியிடம் தனியாகச் சொல்லட்டும்.

நார்வேயிலும் சுவீடனிலும் 2010 முதல், நோயாளிக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு என்ன தேவை என்று கவனிப்பது மருத்துவப் பணியாளரின் சட்டக் கடமை. இங்கிலாந்தில் 2014இன் சட்டம் இளம் பராமரிப்பாளருக்கு எந்த உதவி தேவை என்று உள்ளூராட்சி மதிப்பிட்டாக வேண்டும் என்கிறது. பின்லாந்தில் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோரோடு இரண்டு மூன்று அமர்வு பேசும் ஒரு முறையே சிகிச்சையோடு சேர்த்து வளர்ந்திருக்கிறது. நம் கிளினிக்கில் அந்தக் கேள்வி வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாமே ஆரம்பிக்கலாம்: "டாக்டர், வீட்டுல 12 வயசிலயும் 7 வயசிலயும் பிள்ளைங்க இருக்காங்க. பெரியவதான் எல்லாம் பார்த்துக்கிறா. அவகிட்ட நோயைப் பத்தி யாராவது பேச முடியுமா?"

ஒரு தாள்

நோய் முற்றும் நாளுக்கான திட்டத்தை அந்த நாளில் எழுத முடியாது. அம்மா தெளிவாக இருக்கும்போது, அம்மாவே சொல்லச் சொல்ல எழுத வேண்டும். ஒரே தாள், ஒரு பக்கம் தமிழில், மறுபக்கம் மலாயில். ஆம்புலன்ஸில் வருபவருக்கு மலாய்ப் பக்கம்தான் வேண்டும்.

அம்மாவின் முழுப் பெயர், அடையாள அட்டை எண், எந்த மருத்துவமனை, கிளினிக் அட்டை எண், என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம். நோய் ஏறுவதற்கு முன் வரும் அடையாளங்கள்: இரண்டு இரவு தூங்காதது, திரைச்சீலையை மூடியே வைப்பது, கண்டபடி பொருள் வாங்குவது என்று அவரவர்க்கு உள்ளபடி. கூப்பிட வேண்டிய மூன்று பெரியவர்கள், வரிசைப்படி. பிள்ளைகள் அன்றிரவு எங்கே தூங்குவார்கள், அங்கே யார் கொண்டுபோய் விடுவார். வாசல் பக்கத்தில் ஒரு பை: இரண்டு நாள் சீருடை, மைகிட் (சிறுவர் அடையாள அட்டை) அல்லது அடையாள அட்டை நகல், ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர், சார்ஜர், கொஞ்சம் சில்லறை.

இந்தத் தாள் வழக்கமாகத் தோற்றுப்போகும் இடங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒரே ஒருவர் பெயரை எழுதிவைப்போம், அவர் அன்று இரவு வேலையில் இருப்பார். மூன்று பேர் பெயர் எழுதியிருப்போம், ஆனால் அவர்களிடம் கேட்டிருக்க மாட்டோம். பிரிபெய்டு எண் மாறிப்போயிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை எந்தக் கட்டத்தில் கூப்பிட வேண்டும் என்று எழுதியிருக்க மாட்டோம். "ரொம்ப மோசமானா கூப்பிடு" என்றால் பிள்ளை கூப்பிடாது, அதன் பழகிய கண்ணுக்கு எதுவுமே அவ்வளவு மோசமாகத் தெரியாது. "அம்மா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடலன்னா அத்தையைக் கூப்பிடு. சாகப் போறேன்னு சொன்னா, கத்தி எடுத்தா, மாத்திரை நிறைய விழுங்கினா உடனே 999" என்று எழுதுங்கள்.

அவசர எண் 999க்கு "மாக் சாயா சாகிட், தோலோங்" (எங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, உதவுங்க) என்று ஆரம்பித்தால் போதும். பிறகு முகவரி, புளோக், மாடி. அடுக்குமாடியில் மின்தூக்கி ஓடுகிறதா என்பதையும் சொன்னால் வருபவர்களுக்கு நேரம் மிஞ்சும். பிள்ளையின் வேலை தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டு தாளில் எழுதிய வீட்டுக்குப் போவது. கத்தியைப் பிடுங்குவதோ கதவை உடைப்பதோ அதன் வேலை இல்லை. முன்பு பல குடும்பங்கள் 999ஐக் கூப்பிடத் தயங்கின, தற்கொலை முயற்சி குற்றமாக இருந்ததால். அப்படிச் சொன்ன தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது அது உதவி கேட்கும் அழைப்பு, குற்றத்தைப் புகார் செய்வது ஆகாது.

அம்மாவை வார்டில் சேர்த்தால், எங்கே இருக்கிறார், யார் கூட இருக்கிறார்கள், எப்போது பேசலாம் என்ற மூன்றையும் அன்றே பிள்ளைக்குச் சொல்லுங்கள். வார்டுக்குள் பிள்ளையை விடாவிட்டால் தொலைபேசியில் ஒரு நிமிடம் பேச ஏற்பாடு செய்யுங்கள். "நீ கூப்பிட்டதாலதான் அம்மாவைக் கொண்டுபோனாங்க" என்று விளையாட்டுக்குக்கூட யாரும் சொல்லக் கூடாது. அடுத்த முறை கூப்பிடாது.

பள்ளியில் யாரிடம், என்ன கேட்பது

இடைநிலைப் பள்ளிகளில் முழுநேர ஆலோசக ஆசிரியர் இருப்பார். சின்னத் தமிழ்ப்பள்ளிகளில் அப்படி ஒருவர் இல்லாமல் இருக்கலாம், அங்கே வகுப்பாசிரியரோ தலைமையாசிரியரோதான் வழி. நோயின் முழு வரலாற்றையும் சொல்ல வேண்டியதில்லை. "வீட்டில் நீண்டநாள் நோய், இவள்தான் பார்த்துக்கொள்கிறாள்" என்பதோடு, குறிப்பாக என்ன வேண்டும் என்று கேளுங்கள். காலையில் 15 நிமிடம் தாமதமானால் வாசலில் நிறுத்தித் திட்டாமல் உள்ளே விடுவது. ஓய்வு நேரத்தில் பள்ளி அலுவலகத் தொலைபேசியிலிருந்து வீட்டுக்கு ஒருமுறை பேச விடுவது. இந்த இரண்டு நிமிட அழைப்பு அடுத்த மூன்று மணிநேரப் பாடத்தைக் காப்பாற்றும். தொடக்கப்பள்ளியானால் கூடுதல் உணவுத் திட்டத்தில் பெயர் சேர்ப்பது. வராத நாள் கூடிப்போய் எச்சரிக்கைக் கடிதம் போவதற்கு முன் வீட்டில் ஒரு பெரியவரை அழைப்பது. மேலும், யாருக்கெல்லாம் இந்தச் செய்தி தெரியும் என்று பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். ஆசிரியர் அறையில் எல்லாரும் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற எண்ணம் வந்தால் அது பள்ளியையே வெறுத்துவிடும்.

ஆசிரியர்கள் கவனிக்க: வகுப்பில் தூங்குகிற பிள்ளை, பள்ளி விட்டதும் ஓடுகிற பிள்ளை, பள்ளிச் சுற்றுலாவுக்கு எப்போதும் "வரல டீச்சர்" என்கிற பிள்ளை, தன் வயதுக்கு மீறி அமைதியான பிள்ளை. குறும்பு செய்கிற பிள்ளையை எல்லாரும் கவனித்துவிடுவார்கள்.

செலவும் உதவிக் கதவுகளும்

மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்க சுகாதார கிளினிக்கில் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட், மருத்துவமனை நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட். கிளினிக்கில் மருத்துவரைப் பார்த்துப் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு கோலாலம்பூர் மருத்துவமனை அல்லது பினாங்கு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். சுகாதார அமைச்சின் மென்தாரி சமூக மனநல மையங்கள் சிகிச்சையோடு வேலை தேடவும் துணை செய்கின்றன. அம்மாவோ அப்பாவோ மறுபடி வேலைக்குப் போவது பிள்ளைக்கும் ஒரு மருந்து.

இரண்டு ஆண்டாவது மனநல சிகிச்சையில் இருந்தவர் சமூகநலத் துறையில் ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி) அட்டைக்கு மனநலப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். அதற்கு மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். வருமானம் குறைந்த குடும்பம் அதே அலுவலகத்தில் பிள்ளைகளுக்கான மாத உதவிக்கும் மனுப் போடலாம். வேலை பார்த்துச் சந்தா கட்டியவர் இனி வேலை செய்ய இயலாத நிலையில் இருந்தால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்க்கேசோவின் இயலாமை ஓய்வூதியத்தைக் கேட்டுப் பாருங்கள். மனநோய்க்கு அது கிடையாது என்று நினைத்தே பலர் விண்ணப்பிப்பதில்லை.

அரசாங்க உதவித் தொலைபேசி தாலியான் காசிஹ் 15999, நாள் முழுவதும். பிள்ளையே கூப்பிடலாம். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல எண் 15555. மனம் உடைந்தவர்களுக்குக் காது கொடுக்கும் தொண்டு அமைப்பு பெஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-76272929. கூப்பிட்டால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்ற பயம் பல வாய்களை அடைத்துவிடுகிறது. 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் பார்ப்பது பிள்ளைக்கு ஆபத்து இருக்கிறதா, கவனிப்பு இருக்கிறதா என்பதை. மேலே சொன்ன தாளும் அதில் பெயர் உள்ள மூன்று பெரியவர்களும் இருந்தால், கவனிப்பு இருக்கிறது என்று காட்டுவதற்கு அதுவே சான்று.

உறவினருக்கும் பக்கத்து வீட்டாருக்கும்

"ஏதாச்சும் வேணும்னா சொல்லும்மா" என்பதற்கு எந்தப் பிள்ளையும் வாய் திறந்து பதில் சொன்னதில்லை. "செவ்வாயும் வியாழனும் ராத்திரிச் சாப்பாடு நான் கொண்டுவரேன்" என்று சொல்லுங்கள், அந்த இரண்டு நாள் தவறாமல் கொண்டுபோங்கள். ஆறு மாதம் தாக்குப்பிடிக்கும் சின்ன உதவி, ஒரு வாரம் பொங்கி அடங்கும் பெரிய உதவியைவிட மேல். வாரத்தில் இரண்டு மணிநேரம் நீங்கள் அந்த வீட்டில் உட்கார்ந்து அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தால், அந்த இரண்டு மணிநேரம் பிள்ளையின் காவல் உங்களிடம் மாறுகிறது. பிள்ளை பந்தாடப் போகலாம், சும்மா தூங்கலாம்.

வாயில் வரவே கூடாத இரண்டு வாக்கியங்கள் உண்டு. "நீதான் அம்மாவைப் பார்த்துக்கணும்." "அம்மாவைக் கோபப்படுத்தாத, அப்புறம் அவங்களுக்கு நோய் வந்துரும்." இரண்டையும் அன்போடுதான் சொல்கிறோம். முதலாவது பிள்ளையைக் காவலுக்கு நியமிக்கிறது, இரண்டாவது எது நடந்தாலும் பழியை அதன் தலையில் போடுகிறது.

அம்மா தேறி வரும்போது

இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. மருந்து பலித்து, அம்மா எழுந்து நடமாடி, "வீட்டுப்பாடம் செஞ்சியா?" என்று கேட்கத் தொடங்கும் வாரத்தில் பிள்ளை எரிந்து விழும். இரண்டு வருடம் அடுப்படியை ஆண்ட 13 வயதுப் பெண்ணிடம் கரண்டியைத் திடீரென்று பிடுங்கினால் அவளுக்கு அது நன்றி மறந்ததாகத் தெரியும். ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் காலைச் சாப்பாடு, இரண்டு வாரம் அது நிலைத்த பிறகு தம்பியைப் பள்ளிக்கு அனுப்புவது, பணக் கணக்கு கடைசியில். எடுக்கும்போது அவள் அதுவரை செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: "தம்பிக்கு ராத்திரி காய்ச்சல் வந்தப்ப நீதான் முழிச்சிருந்த. எனக்குத் தெரியும்." அவளுக்குப் பிடித்த ஒரு வேலையை அவளிடமே விட்டுவையுங்கள்.

இரவு விழிப்பு எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் போகும். அம்மா நன்றாகி மாதக்கணக்கில் ஆன பிறகும் பிள்ளை இரண்டு மணிக்கு எழுந்து வந்து அறை வாசலில் நிற்கலாம். "ஏன் இன்னும் இப்படிப் பயப்படற" என்று கடிந்துகொள்ள வேண்டாம். படுக்கப் போகும் முன் அம்மா அந்த அறைக்குப் போய், "மாத்திரை போட்டுட்டேன். தூங்கப் போறேன். காலையில ஆறு மணிக்கு நான் வந்து உன்னை எழுப்பறேன்" என்று சொல்லட்டும். பிறகு ஆறு மணிக்குப் போய் எழுப்பட்டும். மறுநாளும், அதற்கு மறுநாளும்.